ராஜ விசுவாசியா, ராஜத் துரோகியா? - ஒரு மூதாதையின் தடம்

நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்று தமிழில் ஒரு பழமொழி உண்டு. அமெரிக்கர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். தாத்தா, கொள்ளுத்தாத்தா, எள்ளுத்தாத்தா என்று பின்னோக்கிப் போய், கப்பலில் வந்து இறங்கிய முதல் ஆளின் பெயரைக் கண்டுபிடிக்கும் வரை அங்கே பலருக்குத் தூக்கம் வராது. அப்படித் தேடும்போது, 1775-ல் தொடங்கி 1783-ல் முடிந்த சுதந்திரப் போரில் தங்கள் முன்னோர் ஜார்ஜ் வாஷிங்டன் பக்கம் நின்றவர் என்று தெரிந்தால் ஒரே கொண்டாட்டம். 'அமெரிக்கப் புரட்சியின் புதல்வியர்' என்று 1890-ல் ஒரு சங்கமே தொடங்கிவிட்டார்கள்.

சரி, தேடிப் போனவர் இங்கிலாந்து ராஜாவின் பக்கம் நின்றவர் என்று தெரிந்தால்? அங்கேதான் சங்கடம் ஆரம்பிக்கிறது.

ராஜாவின் பக்கம் நின்றவர்களை ஆங்கிலத்தில் லாயலிஸ்டுகள் என்பார்கள். நம்மிடம் வெள்ளைக்காரன் காலத்துச் சொல் ஒன்று தயாராக இருக்கிறது: ராஜ விசுவாசிகள். அமெரிக்கப் பள்ளிக்கூடப் பாடத்தில் இவர்கள் துரோகிகள் அல்லது கோழைகள். கனடாவுக்குப் போனால் இவர்களே நாட்டை உருவாக்கிய தியாகிகள்! ஒரே மனிதர், எல்லையைத் தாண்டினால் வேறு பட்டம். இந்த இரண்டு பட்டங்களையும் கழற்றி வைத்துவிட்டுத் தேடினால்தான் மூதாதை கண்ணில் படுவார்.

யார் இந்த விசுவாசிகள்?

அந்நாளைய வெள்ளையர் மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் ராஜாவின் பக்கம் இருந்திருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர்களின் பொதுவான மதிப்பீடு. கவர்னர்களும் பெரிய வியாபாரிகளும் மட்டுமல்ல, விவசாயிகள், தச்சர்கள், கொல்லர்கள் என்று எல்லோரும் அதில் உண்டு. ஒரே வீட்டில் இரண்டு கட்சி இருந்ததும் உண்டு. பெஞ்சமின் பிராங்க்ளின் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர். அவருடைய மகன் வில்லியம் பிராங்க்ளின் நியூ ஜெர்சியின் கடைசி அரச கவர்னர். 1776-ல் கைதாகிச் சிறையில் கிடந்தார். அப்பனும் மகனும் கடைசி வரை மனம் ஒட்டவே இல்லை.

போர் முடிந்ததும் இவர்களில் சுமார் 60,000 பேர் நாட்டை விட்டுக் கிளம்பினார்கள். நோவா ஸ்கோஷியா, கியூபெக், இங்கிலாந்து, ஜமைக்கா, பகாமாஸ் என்று சிதறினார்கள். கூடவே சுமார் 15,000 கறுப்பின அடிமைகளையும் இழுத்துக்கொண்டு போனார்கள். "விசுவாசம்" என்ற அழகான சொல்லுக்குப் பக்கத்தில் இந்த எண்ணிக்கையையும் வைத்துப் பார்க்க வேண்டும்.

காகிதம் யாருக்காக எழுதப்பட்டது?

இப்படிப்பட்ட ஒரு முன்னோரைத் தேடுகிறவருக்குக் கிடைக்கும் பெரிய புதையல், நஷ்டஈட்டு மனுக்கள். சொத்தைப் பறிகொடுத்த விசுவாசிகளுக்கு ஈடு கொடுக்க 1783-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு கமிஷனை அமைத்தது. அதன் முன் 3,225 மனுக்கள் வந்தன. 2,291 பேருக்கு ஏதோ கொஞ்சம் கிடைத்தது. அந்தக் காகிதங்கள் லண்டனுக்கு அருகே கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. எத்தனை ஏக்கர், எத்தனை மாடு, எந்தக் கூட்டம் வந்து வீட்டைச் சூறையாடியது, எந்தப் படைப்பிரிவில் சேர்ந்தார் என்று எல்லாம் அதில் இருக்கும். ஒரு மனிதரின் வாழ்க்கை ஏழெட்டுப் பக்கத்தில் கிடைத்துவிடும்.

ஆனால் அது டைரி இல்லை, மனு. பணம் கேட்டு எழுதியது. மனு எழுதுகிறவர் தன் விசுவாசத்தைக் கூட்டித்தான் சொல்வார். தயங்கிய நாட்களை விட்டுவிடுவார். ஊர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக் காத்திருந்தவர்கூட மனுவில் முதல் நாளிலிருந்தே ராஜாவின் ஆளாகி விடுவார். இதைப் பொய் என்று தள்ளவும் வேண்டாம், வேதவாக்கு என்று கும்பிடவும் வேண்டாம். யார், யாரிடம், எதற்காக எழுதினார் என்று கேட்டுவிட்டுப் படித்தால் போதும்.

பெண்களின் மனுக்கள் இதற்கு நல்ல உதாரணம். 468 பெண் அகதிகளின் மனுக்களை ஆராய்ந்து வரலாற்றாசிரியர் மேரி பெத் நார்ட்டன் 1976-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கணவரின் நிலம் எவ்வளவு, அதன் விலை என்ன என்று பல பெண்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் வீட்டிலிருந்த பாத்திரம், பண்டம், தட்டுமுட்டுச் சாமான் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் ஒப்பித்தார்கள். கமிஷனுக்கு அது பலவீனமான மனு. பாட்டியின் பாட்டியைத் தேடுகிற பேத்திக்கோ அதைவிட உயிருள்ள காகிதம் வேறு கிடைக்காது.

சொத்து இல்லாதவர் என்ன ஆனார்?

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். சொத்து வைத்திருந்தவருக்கு மனு உண்டு. தானே இன்னொருவரின் சொத்தாக இருந்தவருக்கு?

ஹாரி என்று ஒருவர். மேற்கு ஆப்பிரிக்காவில் பிறந்து, அடிமையாக விர்ஜினியாவுக்குக் கொண்டுவரப்பட்டவர். 1763-ல் அவரை வாங்கியவர் ஜார்ஜ் வாஷிங்டன்! சதுப்பு நிலத்தை வடிக்கும் வேலைக்கு அனுப்பப்பட்டு, பிறகு மவுண்ட் வெர்னான் பண்ணைக்கு மாற்றப்பட்டார். 1771-ல் ஒரு முறை தப்பி ஓடினார், பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

1775 நவம்பரில் விர்ஜினியாவின் அரச கவர்னர் டன்மோர் பிரபு ஒரு பிரகடனம் வெளியிட்டார். கலகக்காரர்களின் அடிமைகளில் ஆயுதம் தாங்கக்கூடியவர்கள் தன் படைக்கு வந்து சேர்ந்தால் விடுதலை என்பதே அதன் சாரம். கவனியுங்கள், கலகக்காரர்களின் அடிமைகளுக்கு மட்டும்தான்! ராஜ விசுவாசிகளின் அடிமைகள் அடிமைகளாகவே இருக்க வேண்டும். ஆக, இது தர்மம் பார்த்துச் செய்ததல்ல, போர்த் தந்திரம். இருந்தாலும் தப்பிக்க ஒரு வழி. 1776-ல் ஹாரி மறுபடியும் ஓடினார். இந்த முறை பிடிபடவில்லை. சுதந்திரப் பிரகடனம் வெளியான அதே வருடம், சுதந்திரப் படையின் தளபதியிடமிருந்து சுதந்திரம் தேடி ஓடியவர் இவர்.

1783-ல் பிரிட்டிஷ் படை நியூயார்க்கைக் காலி செய்யத் தயாரானது. நீக்ரோக்களையோ மற்ற சொத்துகளையோ எடுத்துச் செல்லக் கூடாது என்று சமாதான ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது. மே 6-ம் தேதி பிரிட்டிஷ் தளபதி சர் கை கார்ல்டனைச் சந்தித்த வாஷிங்டன், அதைக் காட்டி அவர்களைத் திருப்பிக் கேட்டார். தன்னிடமிருந்து ஓடியவர்களும் நியூயார்க்கில் இருக்கலாம், பார்த்தால் பிடித்து வையுங்கள் என்று அதற்குச் சில நாள் முன்பே ஒருவருக்குக் கடிதமும் எழுதியிருந்தார். கார்ல்டன் மறுத்துவிட்டார். விடுதலை என்று வாக்குக் கொடுத்தாயிற்று, அதை மீறுவது நாட்டுக்கே அவமானம் என்பது அவர் வாதம். வேண்டுமானால் போகிறவர்களைக் கணக்கெடுத்து வைக்கிறோம், எஜமானர்களுக்கு ஈடு தருவதைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார்.

அந்தக் கணக்குப் புத்தகம்தான் 'புக் ஆஃப் நீக்ரோஸ்'. சுமார் 3,000 பேரின் பெயர், வயது, உருவ அடையாளம், பழைய எஜமானரின் பெயர், ஏறிய கப்பல், போகும் இடம் என்று எல்லாம் அதில் பதிவாகியிருக்கிறது. ஹாரியும் இருக்கிறார். பெயர் ஹாரி வாஷிங்டன், வயது 43, நல்ல ஆள், முன்பு ஜெனரல் வாஷிங்டனின் உடைமை, அவரை விட்டு வந்து 7 வருடம் ஆகிறது. கப்பல் லபோந்தான்ஸ், போகும் இடம் நோவா ஸ்கோஷியாவின் போர்ட் ரோஸ்வே. அவ்வளவுதான்.

எஜமானர்களுக்கு ஈடு கொடுப்பதற்காக எழுதிய புத்தகம் அது. அந்த ஈடு கொடுக்கப்படவே இல்லை. ஆனால் இன்று ஒரு கறுப்பின விசுவாசியின் வாரிசு தன் மூதாதையை முழுப் பெயரோடு கண்டுபிடிக்கும் முதல் இடம் பெரும்பாலும் அதுதான். விடுதலை பெற்றவரின் பெயரைக் காப்பாற்றித் தந்தது, அவரைச் சொத்தாக எழுதிய ஏடு!

இன்னொன்றும் உண்டு. ஹாரியின் 1776-க்கு முந்தைய வாழ்க்கை இவ்வளவு தெரிவதற்கு ஒரே காரணம், அவருடைய எஜமானர் பிற்காலத்தில் ஜனாதிபதி ஆனது. வாஷிங்டனின் கணக்கு நோட்டுகளையும் வரிப் பட்டியல்களையும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அதே கப்பலில் வந்த மற்றவர்களின் எஜமானர்கள் பிரபலமானவர்கள் இல்லை. எனவே அவர்களில் பலருக்கு அந்த ஒரு வரிக்கு முன்னால் வெறும் இருட்டுதான்.

வாக்குறுதி என்ன ஆயிற்று?

ஹாரி போய் இறங்கிய இடம் பர்ச்டவுன். சுமார் 1,500 விடுதலை பெற்ற கறுப்பர்கள் அங்கே குடியேறினார்கள். பாறை நிலம், கடுங்குளிர். நிலம் தருவதாகச் சொன்னார்கள். கறுப்பர்களுக்குத் தாமதமாகக் கொஞ்சமாக வந்தது, பலருக்கு வரவே இல்லை. 1784 ஜூலையில் பக்கத்து ஊரான ஷெல்பர்னில், குறைந்த கூலிக்கு வேலை செய்து எங்கள் பிழைப்பைக் கெடுக்கிறார்கள் என்று வெள்ளைக்காரப் படைவீரர்கள் கலவரம் செய்து, கறுப்பர்களின் வீடுகளை இடித்தார்கள். அவர்களும் ராஜ விசுவாசிகள்தான்! நஷ்டஈட்டுக் கமிஷனிடம் போன கறுப்பர்களிலும் பலருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. விடுதலை கிடைத்ததே லாபம், இதில் நஷ்டம் என்ன என்பது கமிஷனர்களின் எண்ணம்.

1792 ஜனவரி 15 அன்று ஹாலிபாக்ஸிலிருந்து 15 கப்பல்கள் ஆப்பிரிக்காவின் சியாரா லியோனுக்குக் கிளம்பின. கிட்டத்தட்ட 1,200 பேர். ஹாரி வாஷிங்டனும் போனார். அங்கே நிலத்துக்கு வரி கிடையாது என்று சொல்லித்தான் அழைத்துப் போனார்கள். போன பிறகு, அந்தக் குடியேற்றத்தை நடத்திய கம்பெனி நில வரி கேட்டது. குடியேறியவர்கள் முடியாது என்றார்கள். 1800-ல் அவர்களில் ஒரு பகுதியினர் சொந்தமாகச் சட்டம் எழுதி ஒட்டி, கம்பெனியின் அதிகாரத்தை மறுத்தார்கள். படை வந்தது, இரண்டு பேருக்குத் தூக்கு, மற்றவர்களுக்கு நாடு கடத்தல். கடத்தப்பட்டவர்களில் ஹாரியும் ஒருவர். ஆற்றுக்கு அக்கரையில் உள்ள புல்லம் கரைக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்தவர்களுக்குத் தலைவரானார்.

எங்கள் சம்மதம் இல்லாமல் வரி போடாதே என்று ராஜாவை எதிர்த்த ஒருவர் அமெரிக்காவில் தேசத் தந்தை ஆனார். ஏறக்குறைய அதே காரணத்துக்காகக் கம்பெனியை எதிர்த்த அவருடைய பழைய அடிமை, ராஜத் துரோகி ஆனார். இப்போது சொல்லுங்கள், ஹாரி வாஷிங்டன் ராஜ விசுவாசியா, புரட்சிக்காரரா?

இரண்டு பட்டமும் அவருக்குப் பொருந்தாது. அவர் ராஜாவை நம்பினார் என்பதைவிட, கொடுத்த வாக்கை நம்பினார் என்பதே சரி. வாக்கு நிறைவேறும் பக்கம் நின்றார், மீறப்பட்டபோது எதிர்த்தார். வெள்ளை விசுவாசிகளில் பலரின் கதையும் உள்ளே போய்ப் பார்த்தால் இப்படித்தான். தன் நிலப் பட்டாவுக்கு எந்த அரசு பாதுகாப்பு, பக்கத்து வீட்டுக்காரன் எந்தக் கட்சி, எந்தப் படை முதலில் ஊருக்குள் வந்தது - இவைதான் பலரின் பக்கத்தை முடிவு செய்தன.

கார்ல்டன் பிற்காலத்தில் டார்செஸ்டர் பிரபுவாகிக் கனடாவை ஆண்டபோது, 1789-ல் விசுவாசிகளின் சந்ததிக்கு ஒரு கௌரவ அடையாளம் ஏற்படுத்தினார். 'யு.இ.' என்ற அந்த இரண்டு எழுத்தைப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள இன்றும் கனடாவில் பலருக்கு ஆசை. 1914-ல் சட்டப்படி அமைந்த அவர்களுடைய சங்கம், ஒவ்வொரு தலைமுறைக்கும் ஆதாரம் காட்டினால் சான்றிதழ் தருகிறது. கறுப்பின விசுவாசிகளின் வாரிசுகளும் வாங்கலாம். ஆனால் ஒவ்வொரு தலைமுறைக்கும் காகிதம் வைத்திருப்பவர் யார்? நிலமும் பத்திரமும் இருந்தவரின் பேரன்தான்.

எனவே, மூதாதையைத் தேடுவது நல்ல காரியம்தான். சான்றிதழை மாட்டி வைப்பதோடு அதை நிறுத்திக்கொண்டால்தான் குறை. பெயர் கிடைத்ததும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். இந்தக் காகிதத்தை எழுதியவர் யார்? என் முன்னோருக்கு என்ன வாக்குக் கொடுத்தார்கள்? அதைக் காப்பாற்றினார்களா? இந்த மூன்றுக்கும் பதில் தேடினால், எந்தப் பக்கம் நின்றார் என்ற நாலாவது கேள்வி அவ்வளவு பெரிதாகத் தெரியாது.