பூச்சியத்தில் முடியவேண்டிய கணக்கு

ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாய்ச் சூதாட்டத்தைப் பற்றியா எழுதுவது என்று வாசகர் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். பணயம் வைக்கும் பழக்கம் எமக்கில்லை. எனினும், அமெரிக்கச் சூதாட்ட விடுதிகளைக் கலங்கவைத்த ஒரு சிறு கணக்கு சில நாட்களாக எம்மைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது.

கையிலுள்ள சீட்டுகளின் தொகை 21ஐத் தாண்டாமல், அதனை இயன்றவரை நெருங்குவதே 'பிளாக்ஜாக்' ஆட்டம். விழுந்துபோன சீட்டு, கட்டை மறுபடி கலைக்கும்வரை திரும்பி வராது. சிறிய சீட்டுகள் மிகுதியாய்ப் போய்விட்டால், எஞ்சிய கட்டிலே பத்துகளும் ஆசுகளும் செறிந்திருக்கும். அப்பொழுது ஆட்டம் விடுதியை விட்டு ஆடுபவன் பக்கம் சாய்கிறது. இதனை ஐ.பி.எம். 704 கணினியின் துணைகொண்டு ஆராய்ந்து, 1962இல் நூலாக வெளியிட்டார் எட்வேர்ட் தோர்ப் என்னும் கணித அறிஞர். மறு ஆண்டே ஹார்வி டப்னர் என்பவர் மேலும் எளிய முறையொன்றைச் சொன்னார்.

2 முதல் 6 வரை எது விழுந்தாலும் ஒன்றைக் கூட்டுக. பத்தோ, படச்சீட்டோ, ஆசோ விழுந்தால் ஒன்றைக் கழிக்க. 7, 8, 9 கணக்கில் இல்லை. 52 சீட்டுகளிற் கூட்டுவன 20, கழிப்பன 20. ஆதலால் கட்டு முடியும்போது பூச்சியமே வரவேண்டும்.

இவ்வளவுதானா என்று நாமும் ஒரு மாலையிற் கட்டைக் கலைத்துப் புரட்டத் தொடங்கினோம். நடுவே வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். முடிவில் வந்தது கூட்டல் 3! மறுமுறை கழித்தல் 2. எவ்விடத்திற் பிசகிற்று என்று தேட வழியே இல்லை. நழுவிய ஒன்று கடைசிச் சீட்டுவரை கூடவே வருகிறது. வீட்டில் அது வெறும் வெட்கம். லாஸ் வெகாஸ் மேசையிலோ, கணக்கு உயர்ந்துவிட்டதென நம்பிப் பெரும் பணயம் வைப்பவன் கதை வேறு. கணக்குப் பிசகாதிருந்தாலும் அவனுக்குக் கிட்டும் அனுகூலம் நூற்றுக்கு ஒன்று அளவில்தான்.

தேர்ந்தவர்கள் ஒவ்வொரு சீட்டாய் எண்ணுவதில்லையாம். ராசாவும் ஐந்தும் ஒருங்கே கண்ணிற்பட்டால் ஒன்றையொன்று தின்றுவிடும். இப்படிச் சோடி சோடியாய் நீக்கி, மிஞ்சியதை மட்டுமே கணக்கிற் சேர்க்கிறார்கள். உதடு அசையக்கூடாது, பக்கத்திலிருப்பவர் பேச்சுக் கொடுத்தால் மறுமொழியும் சொல்லவேண்டும். விடுதிக்காரர் பல கட்டுகளைச் சேர்த்துக் கலைத்தால், கணக்கை எஞ்சிய கட்டுகளின் தொகையாற் பிரிக்கவும் வேண்டும்: கூட்டல் 6, எஞ்சியவை மூன்று கட்டு எனின், மதிப்பு 2தான்.

மனத்தால் எண்ணுவது அங்கே குற்றமன்று. ஆயினும் நெவாடா விடுதிகள் இத்தகையோரை வெளியே அனுப்பிவிடும். நியூ ஜேர்சியில் மட்டும், கென் அஸ்டன் தொடுத்த வழக்கில், எண்ணுகிறார் என்பதற்காக விடுதி தானாக ஒருவரை விலக்க முடியாதென்று அம்மாநில உயர்மன்று 1982இல் தீர்ப்பளித்தது.

பயிற்சிக்கு ஓர் உபாயமும் உண்டு. ஒரு சீட்டைப் பாராமல் ஒதுக்கிவிட்டு மிகுதியை எண்ணவேண்டும். கூட்டல் 1 வந்தால் மறைந்திருப்பது பெரிய சீட்டு. கழித்தல் 1 எனின் சிறியது. பூச்சியமெனின் 7, 8, 9இல் ஒன்று. நேற்றிரவு எம் மகன் ஒரு சீட்டை ஒளித்து வைத்தான். நான்கு நிமிடம் சென்றது. கூட்டல் 1. "பெரிய சீட்டு" என்றோம். புரட்டிக் காட்டினான்: ராணி.