ஏரிக்கரை வீதி

சிறுமலையடிவாரத்தில் சித்திரை வெயில் காய்ச்சும்போது, திண்டுக்கல்வாசிகளின் கண்கள் மேற்கேயுள்ள நீல மலைகளை நாடுவது சகஜம். அங்கே கோடைக்கானலில், நட்சத்திர வடிவான ஏரியைச் சுற்றி ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு வீதி வளைந்து செல்கிறது. அதில் நடந்துபார்த்த நேயர்கள், கரையோரத்துப் பழைய பங்களாக்களைக் கண்டு பெருமூச்சு விட்டிருப்பார்கள்.

இந்த வீதியின் பிறப்பு வேடிக்கையானது. மதுரைச் சீமையின் ஜுரத்துக்கும் பேதிக்கும் தப்ப, அமெரிக்கப் பாதிரிமார்கள் 1845-இல் இம்மலையில் இரண்டு பங்களாக்கள் கட்டினார்கள். அப்போது ஏரியே கிடையாது! 1863-இல் மதுரைக் கலெக்டர் லெவிஞ்ச் துரை, சதுப்பு நிலத்தில் அணை போட்டு, சொந்தப் பணத்தையும் செலவிட்டு, ஏரியை உண்டாக்கினார். 1887-இல் இங்கிலீஷ் கிளப் தோன்றியது. அது யாருக்காக ஏற்பட்டது என்பதைப் பெயரே சொல்லிவிடும்.

துரைமார்கள் மலையேறிய விதத்தையும் சொல்லவேண்டும். மோட்டார்ச் சாலை போடப்படும் வரையில், ரயிலை விட்டு இறங்கி, வண்டியில் அடிவாரம் சேர்ந்து, அப்பால் நாற்காலியிலும் டோலியிலும் மனிதர் தோள்மீது போனார்கள். பங்களாவுக்கு வேண்டிய சாமான்களும் கூலியாட்களின் தலைச்சுமையாகவே ஏறின. குளிர்ந்த வீதியின் கௌரவம் முழுவதும் ஏழையின் வியர்வையில் நின்றது! சுமந்தவர்களின் பெயரோ எந்தப் பங்களா வாசலிலும் இல்லை.

காலம் குறும்பு செய்வதுமுண்டு. எல்லாரும் ஆசைப்படும் இவ்வூரிலேயே, கோஹினூர் பங்களாவில், காஷ்மீரத் தலைவர் ஷேக் அப்துல்லாவைச் சர்க்கார் 1965 முதல் காவலில் வைத்திருந்தது. விருப்பமில்லாமல் வசிப்பவனுக்கு மாளிகையும் சிறைதானே?

இன்று அந்த வீதி எல்லாருக்கும் பொது. திண்டுக்கல் சந்தையில் காய் விற்பவர்கூடக் குழந்தைகளுடன் அங்கே உலாவலாம். இது நாம் மகிழவேண்டிய மாறுதல். ஆனால் வாகனக் கூட்டம் தாங்கமுடியாமற் போகவே, 2024 மே 7 முதல் இ-பாஸ் பெற்றுத்தான் மலையேற வேண்டுமென்று ஹைகோர்ட்டு உத்தரவிட நேர்ந்தது. துரைமார் காலத்தில் வீதியைக் காக்கச் சேவகர்கள் இருந்தார்கள். இப்போது சொந்தக்காரர்களும் நாமே, சேவகர்களும் நாமே. அடுத்த கோடையில் அங்கே போகும் நேயர்கள், கையிலுள்ள காகிதப் பொட்டலத்தை ஏரியில் எறியுமுன் இதைச் சற்று நினைத்துக்கொள்வார்களாக!