மூச்சை ஊதினால் போதும், கேன்சர் தெரிஞ்சிடுமா? மூச்சுப் பரிசோதனை எந்த நிலையில் இருக்கிறது?

ஊசி வேண்டாம், தொண்டைக்குள் டியூப் விட வேண்டாம். ஒரு பைக்குள் மூச்சை ஊதினால் போதும், புற்றுநோய் இருக்கா இல்லையான்னு சொல்லிடலாம். கேட்க நல்லாத்தான் இருக்கு. உண்மையில் இது சாத்தியமா?

மூச்சில் என்ன இருக்கிறது?

நாம் விடும் மூச்சில் சுமார் 250 வகைப் பொருட்கள் இருப்பதை அமெரிக்க வேதியியல் விஞ்ஞானி லைனஸ் பாலிங் குழு 1971-லேயே கண்டறிந்தது. உடலுக்குள் உருவாகும் சில பொருட்கள் ரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியாக ஆவியாக வெளியேறுகின்றன. புற்றுநோய் வந்தால் இவற்றில் சிலவற்றின் அளவு மாறலாம். அந்த மாற்றத்தைத்தான் கருவி தேடுகிறது.

ஆய்வில் என்ன தெரிந்தது?

லண்டன் இம்பீரியல் கல்லூரியின் பேராசிரியர் ஜார்ஜ் ஹன்னா குழு, உணவுக்குழாய், இரைப்பை புற்றுநோய்களுக்காக 335 பேரின் மூச்சை ஆராய்ந்தது. 5 பொருட்களை மட்டும் அளந்தார்கள். 2018-ல் வெளியான முடிவுப்படி, புற்றுநோய் உள்ளவர்களில் 80 சதவீதம் பேரையும், இல்லாதவர்களில் 81 சதவீதம் பேரையும் சோதனை சரியாகப் பிரித்துக் காட்டியது.

அப்போ ஏன் இன்னும் வரவில்லை?

இங்கேதான் சிக்கல். ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 1,000 பேரில் 10 பேருக்குப் புற்றுநோய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இந்தச் சோதனை 8 பேரைப் பிடிக்கும், 2 பேரைத் தவறவிடும். ஆனால் நோயே இல்லாத 990 பேரில் சுமார் 188 பேருக்கும் 'இருக்கலாம்' என்று சொல்லிவிடும். அதாவது, பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு ஓடும் 196 பேரில் உண்மையான நோயாளிகள் 8 பேர்தான்.

சாப்பிட்ட உணவு, புகைப்பழக்கம், வாயில் உள்ள பாக்டீரியா, அறைக் காற்று என எல்லாமே மூச்சை மாற்றும். அதனால் பெரிய அளவில் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பல வகைப் புற்றுநோய்களுக்காக 1,500 பேரிடம் மூச்சு மாதிரி எடுக்கும் ஆய்வை பிரிட்டனின் கேம்பிரிட்ஜில் 2019-ல் தொடங்கியதும் இதற்காகத்தான்.

அப்போ என்னதான் பயன்?

நெஞ்செரிச்சல், அஜீரணம்னு வருபவர்களில் யாருக்கு உடனே எண்டோஸ்கோபி தேவை என்று வடிகட்ட இது உதவலாம். ஆனால் புற்றுநோய்தானா என்பதை உறுதி செய்ய, திசு எடுத்துப் பார்க்கும் பயாப்சி வேண்டும்.

ஏற்கெனவே ஒரு மூச்சுச் சோதனை இருக்கே?

ஆமாம். யூரியா மூச்சுப் பரிசோதனை, வயிற்றில் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா இருக்கிறதா என்று காட்டும். அல்சருக்கும் இரைப்பை புற்றுநோய்க்கும் இந்தக் கிருமி ஒரு காரணம். ஆனால் இது கிருமியைத்தான் கண்டுபிடிக்கும், புற்றுநோயை அல்ல. 'பாசிட்டிவ்' என்று வந்தாலே கேன்சர்னு பயப்பட வேண்டாம், மருந்தால் குணப்படுத்தலாம்.

விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்த வாந்தி, கருப்பாக மலம் போவது போன்ற அறிகுறிகள் இருந்தால், ஊதும் கருவி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே டாக்டரைப் பாருங்கள்.