பொன்னாடை போர்த்தினால் சம்பளம் ஆகுமா?

போன வாரம் எதிர்வீட்டுப் பெண் வந்து திண்ணையில் உட்கார்ந்தாள். கல்லூரியில் இரண்டாம் வருடம். கூடைப்பந்து ஆடுகிறவள். அப்பா முகத்துவாரத்தில் இறால் பிடிக்கிறவர். பயிற்சிக்காக விடிவதற்குள் பஸ் பிடித்துப் போகிறவள், அன்று காலை எட்டு மணிக்கும் வீட்டிலேயே இருந்தாள்.

"என்ன பாப்பா, இன்னிக்குப் பந்து இல்லையா?"

"எங்க மேடம் வேலைய விட்டுட்டாங்க தாத்தா."

அந்த அம்மாள் பதினோரு வருடம் தொகுப்பூதியத்தில் பயிற்சி கொடுத்தவர். வருடத்துக்கு ஒரு முறை ஒப்பந்தம், கோடை விடுமுறைக்குச் சம்பளம் கிடையாது. வழியனுப்பு விழாவில் பொன்னாடை போர்த்தி, கேடயம் கொடுத்து, "தியாகத்தின் திருவுருவம்" என்று பேசினார்களாம்.

முப்பத்து நான்கு வருடம் அரசாங்கத்தில் கோப்பு எழுதிய எனக்கு அந்தச் சொல் எப்போது வரும் என்று தெரியும். சம்பளம் கொடுக்க மனமில்லாத இடத்தில்தான் வரும்.

நானும் யோக்கியன் இல்லை. 1980களில் ஒரு பெண்கள் அணியைப் பந்தயத்துக்கு அழைத்துப் போன பயிற்சியாளர் செலவுக் கணக்கு கொடுத்திருந்தார். அதில் சீருடை துவைத்த கூலிக்கு ரசீது இல்லை. சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்பினேன். சின்னத் தொகைதான். அவர் கைக்காசு போனது. அன்றைக்கு நான் கறாரான குமாஸ்தா என்று பெருமைப்பட்டேன்.

பிறகு பல வருடம் கழித்து பேட் சம்மிட் என்ற அமெரிக்கப் பெண்மணியைப் பற்றிப் படித்தபோது அந்த ரசீது ஞாபகம் வந்தது. 1974-ல் டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு அவர் பயிற்சியாளர் ஆனபோது வயது 22. மாதம் 250 டாலர். அணியின் வேனை அவரே ஓட்டினார், சீருடையை அவரே துவைத்தார். அந்தச் சீருடையும் முந்தைய வருடம் டோனட் விற்ற காசில் வாங்கியது. (டோனட் என்றால் நம் வடை மாதிரி நடுவில் ஓட்டை, ஆனால் இனிப்பு.) கதை இதோடு நின்றிருந்தால் அவருக்கும் பொன்னாடைதான். நிற்கவில்லை. 1972-லேயே அங்கே ஒரு சட்டம் வந்திருந்தது. அரசுப் பணம் வாங்கும் கல்வி நிலையம் ஆண், பெண் என்று பேதம் பார்க்கக்கூடாது என்பது சட்டம். அதைக் காட்டிக் கேட்டுக் கேட்டுத்தான் பெண்கள் விளையாட்டுக்குப் பணம் ஒதுக்க வைத்தார்கள். அவர் ஒரே இடத்தில் 38 வருடம் இருந்தார். 1,098 வெற்றி, 8 தேசியப் பட்டம். 1984 ஒலிம்பிக்கில் அவர் பயிற்சியில் அமெரிக்கப் பெண்கள் தங்கம் வாங்கினார்கள். 2006-ல் அவர் சம்பளம் வருடத்துக்குப் பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. மறதி நோய் என்று 2011-ல் தெரிந்த பிறகும் இன்னும் ஒரு வருடம் பதவியில் வைத்திருந்தார்கள்.

அமெரிக்கா பணக்கார நாடு, நமக்கு எதற்கு அந்தப் பேச்சு என்பீர்கள். 1974-லும் அது பணக்கார நாடுதான் ஐயா. அப்போது ஏன் 250 டாலர் கொடுத்தார்கள்?

நமக்கு ஒன்றும் தெரியாது என்றும் இல்லை. ஹாரி க்ரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியது 1920-ல். பயிற்சியாளர்களை உருவாக்கும் பாட்டியாலா நிறுவனம் 1961-ல் வந்தது. ஆடுகிற பெண்களுக்காவது ரயில்வே இருக்கிறது. நம் சென்னைப் பெண் அனிதா பால்துரை தென்னக ரயில்வேயில் இருந்துகொண்டு இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார், ஒன்பது ஆசியப் போட்டிகளில் ஆடினார், 2021-ல் பத்மஸ்ரீ பெற்றார். மாதச் சம்பளம் கொடுக்கும் ஒரு வேலை இல்லாவிட்டால் அத்தனை வருடம் ஆடியிருக்க முடியுமா? ஆடுகிறவருக்கு உள்ள நியாயம் ஆடக் கற்றுக்கொடுக்கிறவருக்கு மட்டும் ஏன் இல்லை? அவருக்கு துரோணாச்சாரியா விருது இருக்கிறதே என்று ஒரு நண்பர் சொன்னார். அது தேசிய அளவில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்கு. தவிர, துரோணர் அரண்மனையில் சம்பளம் வாங்கியவர். கட்டைவிரலை இழந்தது யார் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

புதுச்சேரியில் நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் பயிற்சியாளருக்கு 'ஆந்த்ரெனேர்' என்பார்கள். இழுத்துக்கொண்டு போகிறவர் என்ற பொருளில் பிறந்த சொல். 'கோச்' என்பதும் ஹங்கேரியில் ஒரு கிராமத்தில் செய்த வண்டியின் பெயர்தான். நமக்கு வண்டி ஓட வேண்டும், மாட்டுக்குத் தீனி மட்டும் போட மாட்டோம்.

அந்தக் காலத்து வாத்தியார்கள் காசு பார்க்காமல் சொல்லிக்கொடுத்தார்கள் என்று என் வயதுக்காரர்கள் பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை. அவர்களில் பலருக்கு நிரந்தரப் பணி இருந்தது, நமக்கு வருவதுபோல மாதாமாதம் ஓய்வூதியமும் வந்தது. சாயங்காலம் ஒரு மணி நேரம் இனாமாகச் சொல்லிக்கொடுக்க அவர்களால் முடிந்தது. இந்த அம்மாளுக்கு மே மாத வாடகைக்கே வழி இல்லை. இப்போது ஒரு தனியார் பள்ளியில் அலுவலக வேலைக்குப் போகிறாராம். அணியில் பன்னிரண்டு பெண்கள், எட்டுப் பேர் மீனவக் குடும்பம்.

"புது மேடம் எப்ப வருவாங்க தாத்தா?" என்று கேட்டாள் அந்தப் பெண். காலியிடமே இல்லாத பணிக்கு யார் வருவார்கள்? பதில் சொல்லாமல் உள்ளே போய்க் காகிதம் எடுத்தேன்.

மனு ஒரு பக்கம்தான். பயிற்சியாளருக்கு நிரந்தரப் பணியிடம், பன்னிரண்டு மாதச் சம்பளம், பயணச் செலவுக்கு முன்பணம். துவைப்புக் கூலி என்று தனியாக ஒரு வரியும் சேர்த்திருக்கிறேன், ரசீது கேட்கக்கூடாது என்ற குறிப்போடு. பக்கத்தில் இருப்பவர்கள் மாலை ஐந்து மணிக்கு மேல் வீட்டுக்கு வந்து கையெழுத்துப் போடலாம். பேனா நான் வைத்திருக்கிறேன்.