கல்வெட்டுக் கிடைத்த ஊரெல்லாம் தலைநகரா?

திருக்கோவிலூருக்கு மேற்கே ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழ் பிராமிக் கல்வெட்டு, அசோகரின் கல்லாணையில் வரும் சதியபுதோ என்னும் பெயரைச் சங்ககாலத் தலைவன் அதியமான் நெடுமான் அஞ்சிக்கு வழங்குவதால், அவனது தலைநகரான தகடூரையும் தருமபுரியில் தேடாமல் கல்வராயன் மலைக்குக் கிழக்கே கள்ளக்குறிச்சிப் பகுதியிலேயே தேட வேண்டும் என்னும் வாதம், ஆய்வுமுறையின் அடிப்படையையே தவறவிடுகிறது. துறவியர் தங்கும் குகையான பாளியொன்றை அவன் ஈந்தான் என்பதே அக்கல்வெட்டின் செய்தி. கொடை, கொடுத்தவனின் செல்வாக்கு எட்டிய எல்லையைக் காட்டுமேயன்றி அவன் வீற்றிருந்த ஊரைக் காட்டாது. மலையமான்களின் கோவலூரை, அதாவது இன்றைய திருக்கோவிலூரை, அஞ்சி வென்றதைப் புறநானூற்றின் 99ஆம் பாடல் குறிப்பதால், அவன் பெயர் இங்குப் பொறிக்கப்பட்டதற்குத் தகுந்த காரணமும் கிடைத்துவிடுகிறது. ஊர்ப்பெயரின் தொடர்ச்சி, ஆறு, கணவாய், வாழ்விட மேடு ஆகிய தனித்தனிச் சான்றுகளை ஒப்பிட்டு மறைந்த ஊரை இடங்காண்பதே வரலாற்றுப் புவியியல். அவ்வகையில், தருமபுரியை இடைக்காலக் கல்வெட்டுகள் தகடூர் என்றே வழங்க, ஜவ்வாது மலைக்கும் கல்வராயனுக்கும் இடைப்பட்ட செங்கம் கணவாய் அங்கிருந்து கோவலூருக்குப் படை இறங்கும் வழியாக அமைந்துள்ளது. பெயரும் வழியும் பாடலும் ஒரே திசையைச் சுட்ட, ஒற்றைக் கல்லை நம்பித் தலைநகரை மலை தாண்டி நகர்த்துவோர், ஜம்பையைச் சுற்றித் தகடூர் என்னும் பெயரையோ அதற்கேற்ற கோட்டையையோ முதலில் காட்டக் கடமைப்பட்டவர்கள்.