மறைக்கும் உரிமையும் தன்னுரிமையே: ஆஸ்திரேலியப் பாலைநில ஓவியங்களை முன்வைத்து

ஆஸ்திரேலியாவின் மேற்குப் பாலைநிலப் பழங்குடியினர் தீட்டும் புள்ளி ஓவியங்களை நவீன அரூப ஓவியத்தின் ஒரு கிளையாகக் கொள்ளும் போக்குத் திறனாய்வாளரிடையே இன்றும் காணப்படுகிறது. இப்பார்வை வண்ணத்தைக் காண்கிறதேயன்றி, அதனைத் தீட்டும் உரிமை யாருக்குரியது என வினவுவதில்லை.

இவ்வோவியங்களின் அடிப்படை ‘ஜுகுர்பா’ ஆகும். மூதாதையர் நிலத்தையும் நீர்நிலைகளையும் ஒழுகலாறுகளையும் படைத்த வரலாறு அது. ஒரு நீர்ச்சுனையின் கதையை வரையும் உரிமை பிறப்பாலும் உறவுமுறையாலும் அமைவது. ஆதலின் ஓவியம் நிலவுரிமையை எடுத்துரைக்கும் ஆவணமுமாகிறது.

பழங்குடியினரை வெள்ளையர் வாழ்வியலில் கரைக்கும் கொள்கையின்படி அரசு அமைத்த குடியிருப்பு பாப்புன்யா. அங்குள்ள பள்ளிச் சுவரில் 1971இல் தேனெறும்புக் கதை தீட்டப்பட்டது. 1972இல் ஓவியர்கள் தமக்கே உடைமையான ‘பாப்புன்யா துலா’ நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். தொடக்ககால ஓவியங்கள் சிலவற்றில் சடங்குசார் மறைபொருள்கள் வெளிப்பட்டமையைப் பிற பழங்குடிச் சமூகத்தார் கண்டித்தனர். அதன்பின் ஓவியர்கள் அவற்றை விலக்கினர். காக்கவேண்டியதை மறைக்கும் திரையாகவும் புள்ளிகள் பயன்பட்டன. எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்பதை அவர்களே முடிவுசெய்தனர். பண்பாட்டுத் தன்னுரிமையின் உட்கிடை இதுவே.

இதன் ஆற்றலை ‘ஙுராரா’ ஓவியம் உணர்த்துகிறது. பெரும் மணற்பாலையின் மக்கள் ஏறத்தாழ நாற்பதின்மர் 1997இல் எட்டு மீட்டருக்குப் பத்து மீட்டர் அளவில் அதனைத் தீட்டினர். நிலவுரிமைத் தீர்ப்பாயத்தின்முன், ஓவியத்தில் தத்தம் நிலம் அமைந்த இடத்தில் நின்று தாய்மொழியில் சான்றுரைத்தனர். 2007இல் அவர்தம் நிலவுரிமை சட்டப்படி ஏற்கப்பட்டது.

சந்தைக்கென வரையும் கலையில் தன்னுரிமைக்கு இடமேது என்பார் உளர். கிளிஃபோர்ட் போசம் 1977இல் வரைந்த ‘வார்லுகுலோங்’ அன்று 1,200 டாலருக்கு விற்றது. 2007இல் ஏலத்தில் 24 இலட்சம் டாலர் பெற்றது. மறுவிற்பனையில் ஓவியருக்கோ வழித்தோன்றலுக்கோ ஐந்து விழுக்காடு வழங்கும் சட்டம் 2010இல்தான் நடைமுறைக்கு வந்தது. சந்தையின் அநீதியை இது காட்டுகிறது. ஆயினும் விற்கப்பட்டது சீலையேயன்றிக் கதையின் உரிமையன்று. அது உரியவரிடமே நிலைத்துள்ளது.

ஆகவே, ஒவ்வொரு புள்ளிக்கும் பொருள்கண்டே தீரவேண்டும் என்னும் ஆய்வு வேட்கை மறுபரிசீலனைக்குரியது. உரியவர் கூற இசைந்ததைப் பதிவதும், கூறாது விட்டதை மதித்து நிற்பதும் ஆய்வறமாகும். அவ்வெல்லையை ஆய்வின் குறைபாடாகக் கருதுதல் பொருந்தாது.