ஜப்பான் கார்னா ரிப்பேரே வராதாம்ல!

ரொம்ப நாளாக உள்ளுக்குள் பொருமிக்கொண்டிருந்த விஷயம். இன்னிக்குக் கொட்டிடறேன். கார் பைத்தியம் இல்லாதவங்க இப்பவே அப்பீட் ஆகிக்கலாம், கோவிச்சுக்க மாட்டேன் :-)

நம்ம ஜனங்க மத்தியில் ஒரு வேதவாக்கு உலாவுது. "ஜப்பான் கார் வாங்குப்பா, ரிப்பேரே வராது." ஊரில் இருக்கும் சித்தப்பாவில் ஆரம்பித்து இங்கே அமெரிக்காவில் பொங்கல் விழாவில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் அண்ணாச்சி வரைக்கும் இதைச் சொல்லாத ஆளே கிடையாது. கொரோலா, கேம்ரி, அக்கார்டு வாங்கினவங்களுக்கு அது நூத்துக்கு நூறு சரி. ஆயிலை மாத்தி, டயரை மாத்தி, 2 லட்சம் மைல் ஓட்டின ஆட்களை எனக்கே தெரியும். ஆனா அதே வாக்கியத்தைத் தூக்கிக்கிட்டுப் போய் ஜப்பானிலிருந்து இறக்கின ஸ்கைலைன் ஜிடி-ஆர் மேலயும், சுப்ரா மேலயும், ஆர்எக்ஸ்-7 மேலயும் ஒட்டுறாங்க பாருங்க, அங்கதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது.

கொரோலா, நீங்க அதை மறந்தாலும் ஓடணும்னே செஞ்ச வண்டி. ஜிடி-ஆர் அப்படி இல்லை. ரேஸ் ஜெயிக்கணும்னு செஞ்சு, அப்புறம் நம்பர் பிளேட் மாட்டி வித்த வண்டி. ரெண்டுக்கும் பொதுவானது செஞ்ச நாடு மட்டும்தான். எங்க பாட்டியும் பி.டி. உஷாவும் ஒரே நாட்டுக்காரங்கதான், அதுக்காக ரெண்டு பேரையும் 400 மீட்டர் ஓடச் சொல்லுவோமா?

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். அமெரிக்காவில் 1988-ல் வந்த சட்டப்படி, இந்நாட்டுப் பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்பச் செய்யப்படாத காரைக் கொண்டுவரணும்னா, அது தயாரான நாளிலிருந்து 25 வருஷம் முடிஞ்சிருக்கணும். அதனால 1989-ல் வந்த ஆர்32 ஜிடி-ஆருக்கு இங்கே 2014-ல்தான் கதவு திறந்தது. 1999 ஜனவரியில் வந்த ஆர்34-க்கு 2024-ல். இதுக்கு என்ன அர்த்தம்? "பழசா இருந்தாத்தான் உள்ள விடுவேன்"னு சட்டமே சொல்லுது. இந்த வழியில் வர்ற வண்டியில் ரொம்ப இளசானதுக்கே வெள்ளி விழா முடிஞ்சிருக்கும். அதுல இருக்கிற ஒவ்வொரு ரப்பருக்கும், ஹோஸுக்கும், ஆயில் சீலுக்கும், ஒயருக்கும் அதே வயசுதான்.

(ஊருக்குக் கொண்டு போகலாமான்னு கேக்குறவங்களுக்கு: இந்தியாவில் இறக்குமதி ஆகும் பழைய காருக்கு வயசு 3 வருஷத்துக்கு மேல இருக்கக் கூடாது. கனவைக் கலைச்சதுக்கு மன்னிக்கவும்.)

எங்கிட்ட இருக்கிறது 1991 ஆர்32. ஆறு வருஷமா வச்சிருக்கேன். அந்த உரிமையில் நான் கேட்டுச் சலிச்ச மூணு பொன்மொழிகளைப் போட்டு உடைக்கிறேன்.

பொன்மொழி 1: "ஜப்பான்ல கடுமையான இன்ஸ்பெக்ஷன் இருக்கு, அதனால வண்டி நல்லா பராமரிச்சதாத்தான் இருக்கும்."

பாதி உண்மை. 'ஷாக்கென்' என்கிற அந்தச் சோதனை புது காருக்கு 3 வருஷம் கழிச்சும், அப்புறம் 2 வருஷத்துக்கு ஒரு தடவையும் வரும். பிரேக், லைட், புகை, அடிப்பாகம் எல்லாம் பார்ப்பாங்க. ஆனா டைமிங் பெல்ட் எப்ப மாத்தினதுன்னு அங்கே யாரும் திறந்து பார்க்கறதில்லை. ஆர்32-ல் இருக்கிற ஆர்பி26 என்ஜினுக்கு அந்த பெல்ட்தான் உயிர். 1 லட்சம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாத்தணும். ஓடவே இல்லைன்னாலும் வருஷக் கணக்குக்கு மாத்தணும், ஏன்னா ரப்பருக்கு ஓடோமீட்டர் படிக்கத் தெரியாது. அது அறுந்தா பிஸ்டன் போய் வால்வை இடிக்கும். அதோட தலைப்பகுதியைக் கழட்டி வைக்க வேண்டியதுதான்.

கிலோமீட்டர் கம்மின்னு மயங்குறவங்க, மீட்டரைக் கழட்டி வேற மீட்டர் மாட்டறது பெரிய ரகசிய வித்தை இல்லைன்னு தெரிஞ்சுக்கணும். ஏலத் தாளைக் கேளுங்க. ஜப்பான் ஏலத்தில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு தாள் உண்டு. 'ஏ'ன்னா கீறல், 'யு'ன்னா ஒடுக்கு, 'டபிள்யூ'ன்னா பட்டி போட்டு நிரவின தடம், 'எஸ்'ன்னா துரு. தரம் போடற இடத்தில் 'ஆர்' இருந்தா அடிபட்டு ரிப்பேர் ஆன வண்டி. இந்தத் தாளைக் காட்டாத வியாபாரிகிட்ட பேச்சை வளர்க்காம நன்றி சொல்லிட்டு வந்துடுங்க. பளபளன்னு பெயின்ட் அடிச்சிருந்தாலும் வண்டியைத் தூக்கி அடியில் பாருங்க. ஆர்32-ல ஜாக்கி வைக்கிற விளிம்பு, பின் சக்கர வளைவு, முன்பக்கம் சஸ்பென்ஷன் மேலே பொருந்துற இடம், இங்கெல்லாம்தான் துரு குடித்தனம் நடத்தும்.

பொன்மொழி 2: "280ங்கறது பேருக்குத்தான். பூஸ்டை ஏத்தினா அப்படியே பறக்கும்."

இதுவும் பாதி உண்மை, அதனாலதான் ஆபத்து. ஜப்பான் கம்பெனிகள் தங்களுக்குள் பேசி வச்சுக்கிட்டு 280 குதிரைக்கு மேல விளம்பரம் பண்றதில்லைன்னு 1989-லிருந்து 2004 வரைக்கும் இருந்தாங்க. ஆர்பி26-ல அதுக்கு மேல சக்தி ஒளிஞ்சிருக்குங்கறதும் நிஜம். குரூப் ஏ ரேஸுக்காகச் செஞ்ச என்ஜின் அது. 1990 முதல் 1993 வரை ஜப்பான் டூரிங் கார் போட்டியில் 29-க்கு 29 ஜெயிச்சது. ஆஸ்திரேலியாவில் பாதர்ஸ்ட் 1000-ஐ 1991-லயும் 1992-லயும் தட்டிக்கிட்டுப் போச்சு. எல்லாம் சரி. ஆனா அந்த ரேஸ் வண்டிக்குப் பின்னால ஒரு பட்டாளமே ஸ்பானரோட நின்னுச்சே, உங்க வண்டிக்குப் பின்னால யார் நிக்கிறா?

கம்பெனி மாட்டி அனுப்பின டர்போவில் புகை தள்ளுற பக்கத்துச் சக்கரம் பீங்கான். எடை கம்மி, சட்டுன்னு சுத்தும். பூஸ்டை இஷ்டத்துக்கு ஏத்தினா உடைஞ்சு தெறிக்கும். ஆரம்பகால ஆர்32-ல ஆயில் பம்பைச் சுத்த வைக்கிற கிராங்க் முனை குட்டை. அதிக ஆர்பிஎம்மில் லிமிட்டரில் போய் முட்ட முட்ட பம்பின் பல்சக்கரம் உடையும். ஆயில் அழுத்தம் போனா பேரிங் போச்சு, பேரிங் போனா என்ஜின் போச்சு. அடுத்தது பெட்ரோல். ஜப்பானில் பிரீமியம்னா பெரும்பாலும் 100 ஆக்டேன். இங்கே கணக்கே வேற, இங்கத்த 93 கிட்டத்தட்ட அங்கத்த 98. கலிபோர்னியாவில் கிடைக்கிற 91 அதைவிடக் கம்மி. அந்த 91-ஐ ஊத்திட்டு பூஸ்டையும் ஏத்தினா உள்ளே 'டக் டக்'னு அடிக்கும். அது தாளம் இல்லை சாமி, பிஸ்டனோட ஒப்பாரி.

எனக்குத் தெரிஞ்ச ஒரு தம்பி. கல்யாணமாகி மூணு வயசுக் குழந்தை இருக்கு. கடன் வாங்கி ஒரு ஆர்32 எடுத்தார். "டைமிங் பெல்ட் எல்லாம் மாத்தியாச்சு சார்" என்று வித்தவர் வாயால் சொன்னார், பில் கிடையாது. முதல் மாசமே தம்பி மாட்டினது பூஸ்ட் கன்ட்ரோலர். நாலாவது மாசம் டர்போ காலி. பிரிச்சுப் பார்த்தா பெல்ட்டில் பாளம் பாளமா வெடிப்பு, முன்பக்க ஆயில் சீல் எல்லாம் கசிவு, பிரேக் ஹோஸ் உப்பிப் போயிருக்கு. கார் விலையில் பாதிக்கு எஸ்டிமேட் வந்தது. வண்டியை அள்ளிக் கொடுத்துட்டு, இல்லாத காருக்கு இன்னும் தவணை கட்டிக்கிட்டிருக்கார். அவருக்கு 'ரிப்பேரே வராது'ன்னு உபதேசம் பண்ணின ஒரு ஆளும் அந்தத் தவணையில் ஒரு டாலர் பங்கு போடலை. ஆர்32-ல ஏர்பேக்கும் கிடையாதுங்க. அந்த பிரேக் ஹோஸ் ஹைவேயில் குழந்தையை வச்சுக்கிட்டுப் போகும்போது வெடிச்சிருந்தா? பணத்தைப் பத்தியே பேசிக்கிட்டிருக்க மாட்டோம்.

பொன்மொழி 3: "இது இன்வெஸ்ட்மென்ட். ஓட்டாம மூடி வையி, விலை ஏறும்."

2009-ல் வந்த 'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' படத்தில் பால் வாக்கர் ஓட்டின ஆர்34, 2023-ல் ஏலத்தில் 13 லட்சத்து 57 ஆயிரம் டாலருக்குப் போச்சு. அதிலிருந்து ஆளாளுக்கு ரியல் எஸ்டேட் புரோக்கர் மாதிரிப் பேச ஆரம்பிச்சுட்டாங்க. அய்யா, அது சினிமா நட்சத்திரம் உட்கார்ந்த சீட்டுக்குக் கொடுத்த விலை. உங்க வண்டியில் உங்க மச்சினன்தான் உட்கார்ந்தார். அதுவும் இல்லாம வண்டி என்ன தங்கக் காசா, பெட்டியில் வச்சா அப்படியே இருக்கறதுக்கு? ஓடாத வண்டியில் சீல் காயும், பெட்ரோல் கெட்டுப்போகும், பிரேக் காலிப்பர் இறுகும், டயர் ஒரு பக்கம் தட்டையாகும். ஓட்டி ஓட்டித்தான் அது உயிரோட இருக்கும்.

சரி, குத்தம் சொல்லத் தெரியுது, வழி சொல்லத் தெரியுமான்னு கேப்பீங்க. என் கணக்கு இதுதான்:

வண்டி விலைக்குன்னு நீங்க ஒதுக்கின பணத்தில் மூணில் ஒரு பங்கை எடுத்துத் தனியா வைங்க. மிச்சப் பணத்துக்கு எந்த வண்டி வருமோ அதுதான் உங்க வண்டி. முதல் வருஷம் குதிரை சக்தி பத்திப் பேச்சே கூடாது. பில் இல்லாத டைமிங் பெல்ட்டை மாத்தாத பெல்ட்டுன்னே வச்சுக்கோங்க. அதைப் பிரிக்கும்போதே வாட்டர் பம்ப், டென்ஷனர், ஆயில் சீல்களையும் சேர்த்து முடிங்க. பிரேக் ஹோஸ், கூலன்ட் ஹோஸ், பெட்ரோல் ஹோஸ் எல்லாம் புதுசு. கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், ரெண்டு டிஃபரன்ஷியல் எல்லாத்திலயும் ஆயில் புதுசு. நாலு டயரும் ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே தேய்மானம். முன்னுக்கும் பின்னுக்கும் விட்டம் மாறினா நாலு சக்கரத்துக்கும் சக்தி பிரிக்கிற அந்த கிளட்ச் சும்மாவே தேய்ஞ்சு சாகும். ஆர்எக்ஸ்-7 வாங்கறவங்க ரோட்டரிக்குன்னே இருக்கிற கருவியில் கம்ப்ரஷன் பார்க்காம அட்வான்ஸே கொடுக்காதீங்க. அந்த என்ஜின் ஆயில் குடிக்கறது வியாதி இல்லை, வடிவமைப்பே அப்படி. அதனால ஆயில் அளவை அடிக்கடி பார்க்கிற பழக்கம் வரணும்.

ஸ்பேர் கிடைக்காதுன்னு பயமுறுத்தறவங்களும் உண்டு. 2017 டிசம்பரில் நிஸ்ஸான், ஆர்32 பாகங்களை 'நிஸ்மோ ஹெரிடேஜ்' என்ற பேரில் திரும்பவும் விற்க ஆரம்பிச்சது. டொயோட்டாவும் 2020-ல் பழைய சுப்ராவுக்கு அதே மாதிரி செஞ்சது. எல்லாப் பாகமும் கிடைக்காது, கிடைக்கறதும் சல்லிசு இல்லை. ஆனா பொறுமையும் காசும் இருந்தா வழி இருக்கு.

"இவ்வளவு புலம்பறியே, அப்புறம் எதுக்குடா வச்சிருக்கே?" நியாயமான கேள்வி. ஞாயித்துக்கிழமை காலையில் ஆறு சிலிண்டரும் 4,000 ஆர்பிஎம்மைத் தாண்டி மூச்சை இழுத்துப் பாடற சத்தத்துக்காக வச்சிருக்கேன். நம்ம ஊர் மாதிரியே வலது பக்கம் உட்கார்ந்து ஓட்டற சுகத்துக்காக வச்சிருக்கேன் (டோல் கேட்டில் டிக்கெட் வாங்க இடது பக்கம் தாவணும், அது தனிக்கதை). அந்த சத்தத்துக்கு விலை, சனிக்கிழமை முழுக்கக் கையில் கிரீஸ். அதைக் கொடுக்க மனசு இருக்கறவங்க தாராளமா வாங்குங்க. இல்லாதவங்களுக்கு கேம்ரி இருக்கு, அதுவும் ஜப்பான் கார்தான், அதுக்குத்தான் அந்த வேதவாக்கு பொருந்தும்.

அடுத்த தடவை யாராவது ஒரு தம்பிகிட்ட "ஜப்பான் வண்டி, ரிப்பேரே வராது, கண்ணை மூடிக்கிட்டு வாங்கு"ன்னு நீங்க சொல்லப் போனா, கூடவே இதையும் கேளுங்க: "பெல்ட் மாத்தின பில் இருக்கா?"

டிஸ்கி 1: ஸ்கைலைன் ரசிகர்கள் வீட்டுக்கு ஆட்டோ அனுப்பிடாதீங்க. நானும் உங்க கட்சிதான்.

டிஸ்கி 2: பூஸ்ட் ஏத்தியும் பத்து வருஷமா ஒண்ணும் ஆகலைன்னு சொல்றவங்க பின்னூட்டத்தில் தாராளமா வாங்க. என்னென்ன பாகம் மாத்தினீங்கன்னு பட்டியலோட வாங்க, கும்மி அடிப்போம் :-)